நாற்பது காலுக்கு ஓர் இடம்

எக்ஸ்டி வகைக் கம்ப்யூட்டரின் மூடியைக் கழற்றிப் பார்த்தவர்கள் அந்தக் காலி இடத்தைக் கவனித்திருப்பார்கள். 8088 என்று எண் பொறித்த கறுப்புச் சிப் ஒன்று உட்கார்ந்திருக்கும். அதை ஒட்டி, அதே நீளத்தில், நாற்பது துளைகளோடு ஒரு சாக்கெட் ஆளில்லாமல் கிடக்கும். 1981 ஆகஸ்டில் ஐபிஎம் தன் முதல் பிசியை வெளியிட்டபோதே அந்தச் சாக்கெட் போர்டில் இருந்தது. அதைப் பார்த்து நகலெடுத்தவர்களும் அதை விடாமல் நகலெடுத்தார்கள். பெரும்பாலான இயந்திரங்கள் அந்த இடம் நிரம்பாமலேயே உழைத்து, நிரம்பாமலேயே பழைய சாமான் கடைக்குப் போய்ச் சேர்ந்தன.

நான் முதலில் பார்த்தது மேற்கு மாம்பலத்தில், சார் வீட்டு முன்னறையில். 1987. டிப்ளமோ சிவில் முடித்துவிட்டு அவரிடம் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். சார் கட்டுமானப் பொறியாளர். மேல்நிலை நீர்த்தொட்டிகளைத் தாங்கும் தூண்களுக்கும் விட்டங்களுக்கும் கணக்குப் போட்டுக் கொடுப்பது அவர் தொழில். அலுவலகம் என்று தனியாக எதுவும் கிடையாது. முன்னறையில் இரண்டு வரைபடப் பலகைகள், ஒரு இரும்பு அலமாரி, ஜன்னலோரம் பிளாஸ்டிக் உறை போர்த்திய கம்ப்யூட்டர். செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் இருந்த அறைகளிலெல்லாம் அதுதான் வழக்கம். தூசிக்குப் பயந்து என்றார்கள். பாதி தூசி, பாதி பக்தி என்று நான் நினைத்துக்கொள்வேன்.

ஒரு நாள் ஹெர்குலிஸ் கார்டு கழன்றுகொண்டது என்று சார் மூடியைத் திறந்தார். டார்ச் பிடித்துக்கொண்டிருந்த நான் கேட்டேன்.

"இந்த ஓட்டையில என்ன சார் வரும்?"

"8087. கணக்குக்குன்னே தனிச் சிப்பு. விலையைக் கேட்டா தலை சுத்தும். அதான் காலியா இருக்கு."

தலை சுற்றும் என்று அவர் சொன்னதில் மிகையில்லை. வெளிநாட்டு விலையே அதிகம், அதன்மேல் சுங்கவரி. என் சம்பளத்தை வைத்துக் கணக்குப் போட்டால் மாதக்கணக்கில் பட்டினி கிடக்க வேண்டியிருக்கும். ஆனால் அது இல்லாமல் நாங்கள் பட்ட பாடும் கொஞ்சமில்லை.

8088-க்கு முழு எண்கள் மட்டுமே தெரியும். கூட்டும், கழிக்கும், பெருக்கும், வகுக்கும். எல்லாம் முழு எண்களில். 0.85 என்று ஒரு தசம எண்ணைக் கொடுத்து இன்னொன்றால் பெருக்கச் சொன்னால், அந்த ஒரு பெருக்கலுக்காக நூற்றுக்கணக்கான சிறு கட்டளைகளை ஓட்ட வேண்டும். ஒரு சட்டகத்தை அலசுவதற்கு அப்படிப்பட்ட பெருக்கல்கள் ஆயிரக்கணக்கில் வரும். தொட்டி உயர உயரத் தூண்களை இணைக்கும் விட்டங்களின் அடுக்கு கூடும். அடுக்கு கூடினால் சமன்பாடுகள் கூடும். சமன்பாடு இரண்டு மடங்கானால் அவற்றைத் தீர்க்கும் வேலை ஏறக்குறைய எட்டு மடங்காகும். சாயங்காலம் ஆறு மணிக்கு ஜிடபிள்யூ பேசிக்கில் நிரலை ஓட விட்டுவிட்டு வீட்டுக்குப் போவேன். மறுநாள் காலை வந்ததும் சார் காபி டம்ளரோடு நிற்பார்.

"என்னப்பா, ராத்திரி ஓடினது முடிஞ்சுதா?"

"இல்ல சார். நடுராத்திரி கரண்ட் போயிருக்கு போல. மறுபடியும் ஏ ப்ராம்ப்ட்ல நிக்குது."

அவர் ஒன்றும் சொல்லாமல் பென்சிலைச் சீவுவார். காணி முறையில் கையாலேயே போட ஆரம்பித்துவிடுவார். காஸ்பர் காணி என்ற பொறியாளர் கண்ட வழி அது. முனைகளைச் சுற்றிச் சுற்றி வந்து விடையை நெருங்கும். இந்தியப் பொறியாளர்கள் ஒரு தலைமுறைக்கு அதை வைத்தே மாடிகள் எழுப்பினார்கள். சைன், காஸ் வேண்டுமென்றால் கிளார்க்ஸ் டேபிள். பாலிடெக்னிக்கில் படித்த எல்லோரிடமும் அட்டை கிழிந்த கிளார்க்ஸ் டேபிள் ஒன்று இருந்தது. கால்குலேட்டர் இருந்தும் சார் அந்தப் புத்தகத்தைத்தான் புரட்டுவார். பக்கத்தில் பக்கத்து எண்களும் தெரிவதால் தப்பு நடந்தால் கண்ணில் படும் என்பது அவர் வாதம். அதில் நியாயம் இருக்கிறது என்று இப்போதும் நினைக்கிறேன்.

இன்டெல் 8087-ஐ அறிவித்தது 1980-இல். எனக்கு அந்த வருஷம் வேறொரு காரணத்துக்காக ஞாபகம். நவம்பரில் தமிழ்நாட்டில் பரம்பரைக் கர்ணம் பதவியை ஒழித்தார்கள். தஞ்சாவூர் ஜில்லாவில் கர்ணமாக இருந்த என் தாத்தா ஊர்க் கணக்குகளை மூட்டை கட்டி ஒப்படைத்துவிட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்தார். தாத்தாவிடம் அப்புறம் வருகிறேன்.

அந்தச் சிப்பை வடிவமைத்த கதை சுவாரஸ்யமானது. கட்டமைப்பைத் தீட்டியவர்களில் முக்கியமானவர் ஜான் பால்மர். எண்களை எப்படி நடத்த வேண்டும் என்று ஆலோசனை சொன்னவர் பெர்க்லியின் கணிதப் பேராசிரியர் வில்லியம் கஹான். சிலிக்கானில் இழைத்தது இஸ்ரேலில், ஹைஃபாவில் இருந்த இன்டெல்லின் வடிவமைப்பு மையம். இதை யார் வாங்குவார்கள் என்று கம்பெனிக்குள்ளேயே சந்தேகம் இருந்தது. எத்தனை விற்கும் என்று நீங்களே ஓர் எண்ணை எழுதி வையுங்கள், அதற்கு மேல் விற்கும் ஒவ்வொரு சிப்புக்கும் ஒரு டாலர் கொடுங்கள், என் சம்பளத்தையே விட்டுவிடுகிறேன் என்று பால்மர் சவால் விட்டதாகக் கஹான் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். யாரும் அந்தப் பந்தயத்துக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஒத்துக்கொண்டிருந்தால் பால்மர் பெரிய பணக்காரராகியிருப்பார்.

சிப்புக்குள் எண்பது பிட் அகலத்தில் எட்டுப் பதிவேடுகள், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கு. நுண்கட்டளைகளை வைக்க இடம் போதாமல், டிரான்சிஸ்டர்களை நான்கு அளவுகளில் செய்து ஒவ்வொன்றிலும் இரண்டு பிட்டுகளைத் திணித்திருந்தார்கள். பை, இரண்டின் இயல் மடக்கை முதலான மாறிலிகள் சிப்பிலேயே பொறிக்கப்பட்டவை. இன்டெல் வெளியிட்ட ஒப்பீட்டு அட்டவணையில் ஒரு வரி எனக்கு மனப்பாடம். ஒரு வர்க்கமூலம் எடுக்க 8087-க்கு 36 மைக்ரோ விநாடி. அதே வேலையை 8086 தனியாக, மென்பொருள் மூலம் செய்தால் 19,600.

இரண்டு சிப்புகளும் எப்படிச் சேர்ந்து வேலை செய்கின்றன என்பதுதான் எனக்கு இன்னும் அலுக்காத விஷயம். ஒன்று இன்னொன்றைக் கூப்பிடுவதில்லை. நினைவகத்திலிருந்து வரும் கட்டளைகளை இரண்டுமே வரி விடாமல் படித்துக்கொண்டிருக்கின்றன. 11011 என்ற ஐந்து பிட்டில் ஒரு கட்டளை தொடங்கினால் அது 8087-க்கு உரியது. 8088 தேவையான முகவரியை மட்டும் கணக்கிட்டு, அந்த இடத்தை ஒரு தடவை சும்மா வாசித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். 8087 அந்த முகவரியைப் பிடித்துக்கொண்டு தன் வேலையைத் தொடங்கும். கச்சேரியில் மிருதங்கக்காரர் பாட்டை முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்து, தன் இடம் வரும்போது யாரும் சொல்லாமலே கை வைப்பார் அல்லவா, அந்த மாதிரி. விடை தேவைப்படும் இடம் வந்தால் 'காத்திரு' என்றொரு கட்டளை உண்டு. 8087 தன் கம்பியில் வேலை முடிந்தது என்று சைகை காட்டும்வரை 8088 அங்கேயே நிற்கும்.

சிப் எங்களிடம் வந்தது சிங்கப்பூர் வழியாக. சாரின் மைத்துனர் ஊருக்கு வந்தபோது கறுப்பு ஃபோமில் குத்தி, சோப்பு டப்பாவில் வைத்து எடுத்து வந்தார். நல்ல நேரம் பார்த்து, மாமி விளக்கேற்றியபின், சார் அதைச் சாக்கெட்டில் அழுத்தினார். போர்டில் இருந்த குட்டி சுவிட்ச் வரிசையில் இரண்டாவதைத் தள்ளிவிட்டார். சிப் இல்லையென்றால் ஆன், இருந்தால் ஆஃப், தலைகீழ் ஏற்பாடு. பழைய தொட்டிக் கணக்கு ஒன்றை ஓட விட்டோம். முன்பு எவ்வளவு நேரம் எடுத்ததோ அதே நேரம் எடுத்தது. ஒரு விநாடிகூடக் குறையவில்லை.

சிப் செத்துப்போனது என்று முடிவு கட்டி, மைத்துனருக்குக் கடிதம் எழுதும் அளவுக்குச் சார் வாடிப்போனார். விஷயம் அதுவல்ல. ஜிடபிள்யூ பேசிக்குக்கு 8087 என்று ஒன்று இருப்பதே தெரியாது. அது தசம எண்களை மைக்ரோசாஃப்டின் சொந்த வடிவத்தில் வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் 8088-ஐ வைத்தே அரைத்துக்கொண்டிருந்தது. 11011 என்று தொடங்கும் கட்டளை ஒன்றுகூட அதிலிருந்து வருவதில்லை. பக்கத்து இருக்கையில் ஆள் வந்து உட்கார்ந்துவிட்டார், அவருக்கு வேலை கொடுக்கத்தான் யாருமில்லை. சந்தையில் இருந்த மென்பொருள்களில் பாதிக்கு அந்தக் கதிதான். லோட்டஸ் 1-2-3 கூட 1985-இல் வந்த இரண்டாம் பதிப்பில்தான் 8087-ஐக் கவனிக்க ஆரம்பித்தது. டர்போ பாஸ்கலுக்கு 87 என்று பின்னொட்டுப் போட்டுத் தனிப் பதிப்பே விற்றார்கள். மாறாக ஆட்டோகேட், 1987-இல் வந்த ஒன்பதாம் வெளியீட்டிலிருந்து, சிப் இல்லாவிட்டால் ஓடவே மாட்டேன் என்று அடம்பிடித்தது.

நண்பர் ஒருவரிடமிருந்து மைக்ரோசாஃப்ட் ஃபோர்ட்ரான் ஃபிளாப்பிக் கட்டு வந்தது. பேசிக்கில் இருந்த நிரலை நான் உட்கார்ந்து ஃபோர்ட்ரானுக்கு மாற்றினேன். மாற்றி முடித்து, 8087-க்கான நூலகத்தை இணைத்து, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் ஓட விட்டேன். கையைக் கழுவிவிட்டு வருவதற்குள் பிரிண்டர் கிறீச்சிட ஆரம்பித்துவிட்டது. நியாயமாகப் பார்த்தால் பாதிப் பெருமை ஃபோர்ட்ரானுக்குப் போக வேண்டும். பேசிக் ஒவ்வொரு வரியையும் ஓடும்போதுதான் அர்த்தம் பண்ணிக்கொள்ளும். ஃபோர்ட்ரான் முன்கூட்டியே மொழிபெயர்த்து வைத்துவிடும். ஆனால் அன்று அந்த வீட்டில் யாரும் நியாயம் பேசும் மனநிலையில் இல்லை. சார் சிப்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு விரலை உதறினார். கொதித்துக்கொண்டிருந்தது. இரண்டு, மூன்று வாட் மின்சாரம் தின்னும் பண்டம், விசிறிக் காற்று சரியாகப் படாத மூலையில் இருந்தது.

அதன் பிறகு எங்கள் வேலையில் ஒரு மாற்றம் வந்தது. ராத்திரி முழுக்க ஓடும் கணக்கென்றால் முதலில் நன்றாக யோசித்துவிட்டு, தூணின் அகலத்தைத் தீர்மானித்துவிட்டு, ஒரே ஒரு தடவைதான் ஓட்டுவோம். தப்பாகப் போனால் ஒரு நாள் போச்சு. சிப் வந்த பிறகு, "முன்னூறு போட்டுப் பாரு, சரிவரலேன்னா முன்னூத்தம்பது போடலாம்" என்று சார் சொல்ல ஆரம்பித்தார். அவர் பென்சில் சீவுவது குறைந்தது. முதலில் அது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. விடை மலிவானதும் அதைச் சந்தேகப்படும் பழக்கம் எங்களிடம் தேய்ந்துபோனதை நான் உணர வெகு காலம் ஆயிற்று. கணக்கின் விலை தெரிந்த காலத்தில் நாங்கள் கேள்வியை நன்றாகக் கேட்டோம் என்பது என் அபிப்பிராயம். இதை என் மகளிடம் சொன்னால், அப்பா கரண்ட் போனதையும் காவியமாக்குகிறார் என்பாள். அவளும் பொறியாளர்தான்.

சில வருஷங்களுக்கு முன் சாரின் வீட்டை இடித்துக் கட்டப்போவதாகச் சொன்னார்கள். சார் போய் நாளாகியிருந்தது. அவர் பெண் ஃபோன் செய்து, "அப்பாவோட கம்ப்யூட்டரை எடுத்துண்டு போறேளாண்ணா? இல்லேன்னா எடைக்குத்தான் போடணும்" என்றார். ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பவர் சப்ளையில் வீங்கியிருந்த கெப்பாசிட்டர்களை மாற்றினேன். இருபது மெகாபைட் ஹார்டு டிஸ்க் அலறிக்கொண்டு சுழன்று, ஆச்சரியமாக, வாசிக்கவும் வாசித்தது. எங்கள் தொட்டி நிரல் அப்படியே இருந்தது. ஓட விட்டேன். திரை உறைந்து நின்றது.

மூடியைத் திறந்தால் நாற்பது துளைகளும் காலி. யார் எப்போது எடுத்தார்கள் என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. சுவிட்ச் மட்டும் இன்னும் ஆஃபில் இருந்தது. இயந்திரம் தன் உபகரணப் பட்டியலில் 8087 உண்டு என்றே சொல்லிக்கொண்டிருந்தது. எங்கள் நிரலோ பட்டியலைக்கூடப் பார்ப்பதில்லை. சிப் உண்டு என்று நம்பிக் கட்டியது. அது 'காத்திரு' என்றதும் 8088 காத்திருந்தது. வராத ஆளுக்காக, மின்சாரம் நிற்கும்வரை.

8087 இப்போது புதிதாக யாரும் செய்வதில்லை. பழைய போர்டுகளில் பிடுங்கியவைதான் கிடைக்கும். சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் கேட்டால் இளைஞர்கள் என்னை மேலும் கீழும் பார்த்தார்கள். ஒரு பெரியவர் மட்டும், "எட்டு மெகாஹெர்ட்ஸா, அஞ்சா?" என்று திருப்பிக் கேட்டார். அவரிடம் எதுவும் இல்லை, ஆனால் அந்தக் கேள்விக்காகவே அவரோடு டீ குடித்தேன். சரியான கேள்வி அது. வெறும் 8087 என்று எழுதியிருந்தால் ஐந்து மெகாஹெர்ட்ஸ்வரை. பின்னால் 2 போட்டிருந்தால் எட்டு, 1 போட்டிருந்தால் பத்து. எண் குறைந்தால் வேகம் கூடும். ஐபிஎம் பிசி ஓடியது 4.77-இல். அமெரிக்கக் கலர் டிவிக்கான அலைவரிசையிலிருந்து ஒரே படிகத்தை வைத்து எல்லாவற்றையும் வகுத்து எடுத்ததால் வந்த விசித்திர எண் அது. சாரின் இயந்திரம் டர்போ ரகம். பட்டனை அமுக்கினால் எட்டுக்குத் தாவும்.

வெளிநாட்டு விற்பனையாளர் ஒருவரிடமிருந்து இணையம் வழியாக, 2 என்று பின்னொட்டுப் போட்ட சிப் ஒன்றை வரவழைத்தேன். எழுத்துகள் பளிச்சென்று இருந்தன. அதுதான் உறுத்தியது. நாற்பது வருஷத்துச் சிப்பில் எழுத்து அப்படி இருக்காது. அசிட்டோனில் நனைத்த பஞ்சால் ஓர் ஓரத்தைத் தேய்த்தேன். பஞ்சு கறுத்தது. பழைய எழுத்தைத் தேய்த்துவிட்டு, மேலே கறுப்புப் பூசி, புதிதாக அச்சடித்திருக்கிறார்கள். உள்ளே இருப்பது நிஜமான 8087தான், ஆனால் எந்த வேகத்துக்கு உரியது என்பது செய்தவருக்கே வெளிச்சம்.

கால்களை மேஜை விளிம்பில் லேசாக அழுத்தி நேராக்கி, சாக்கெட்டில் உட்கார வைத்தேன். டாஸின் டீபக் கருவியில் ஒரு சின்னச் சோதனை உண்டு. நினைவகத்தில் ஓரிடத்தில் 00 00 என்று எழுதி வைக்க வேண்டும். பிறகு 8087-ஐ விழிக்கச் செய்து, அதன் கட்டுப்பாட்டுச் சொல்லை அந்த இடத்தில் எழுதச் சொல்ல வேண்டும். 'காத்திரு' இல்லாத வடிவக் கட்டளைகளையே கொடுக்க வேண்டும், இல்லையேல் மறுபடி உறைந்துவிடும். சிப் உயிரோடு இருந்தால் அங்கே எஃப்எஃப் 03 என்று மாறியிருக்கும். எழுத ஆளில்லாவிட்டால் பூஜ்யங்கள் அப்படியே இருக்கும்.

பூஜ்யங்கள் அப்படியே இருந்தன.

சந்தேகப்பட இடங்கள் நிறைய. ஆரம்பகால 8088-களில் ஒரு பிழை உண்டு. அடுக்கின் இடத்தை மாற்றும் நேரத்தில் குறுக்கீடு வந்தால் தடுமாறிப்போகும். அதனால்தான் ஐபிஎம் 8087-ஐ விற்றபோது கூடவே ஒரு புது 8088-ஐயும் ஜோடியாகக் கொடுத்தது. சார் போர்டில் இருந்தது 81 என்று ஆண்டு பொறித்த, திருத்தப்பட்ட சிப். அந்தக் கவலை இல்லை. மிச்சம் சாக்கெட். சென்னையின் உப்புக் காற்று முப்பது வருஷத்துக்கு மேல் அந்தத் துளைகளில் குடியிருந்திருக்கிறது. கான்டாக்ட் கிளீனர் அடித்து, சிப்பைச் சொருகி எடுத்துச் சொருகி எடுத்து, களிம்பைச் சுரண்டினேன். ஒரு கட்டத்தில் எஃப்எஃப் 03 வந்தது. மேஜையைத் தட்டினால் போனது. மறுபடி சுத்தம். அப்புறம் தட்டினாலும் போகவில்லை.

நிரல் ஓடத் தொடங்குவதற்கு முன் அன்று ராத்திரி அதோடு விளையாடிக்கொண்டிருந்தேன். ஒன்றைப் பூஜ்யத்தால் வகுக்கச் சொன்னால் 8087 முடிவிலி என்று விடை தரும். அதன் குறியை மாற்றி, எதிர் முடிவிலியையும் நேர் முடிவிலியையும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னால், இரண்டும் சமம் என்கிறது! எண்கோட்டின் இரண்டு முனைகளும் எங்கோ ஒரே புள்ளியில் வளைந்து சேர்வதாக அதற்குப் பாடம். 1985-இல் தசம எண்களுக்கான ஐஇஇஇ 754 தரநிலை வந்தபோது அந்தப் பாடத்தை எடுத்துவிட்டார்கள். 80387-இலிருந்து இரண்டு முடிவிலிகளும் வேறு வேறு. நடைமுறைக்கு அதுதான் சரி, சந்தேகமில்லை. எனக்கென்னவோ பழையதுதான் பிடித்திருக்கிறது.

இன்னொன்றும் போட்டுப் பார்த்தேன், தாத்தாவுக்காக. தாத்தா பின்னங்களை வாய்ப்பாடாகச் சொல்வார். அரை, கால், அரைக்கால், மாகாணி என்று பாதி பாதியாக இறங்கும் ஒரு வரிசை. மா, காணி, முந்திரி என்று இருபதில் ஒன்று, எண்பதில் ஒன்று, முந்நூற்றிருபதில் ஒன்றாக நுணுகும் இன்னொரு வரிசை. எங்கள் பக்கத்தில் இருபது மா ஒரு வேலி நிலம். முதல் வரிசை முழுக்க 8087-க்குள் துல்லியமாக அடங்குகிறது. அரைக்கால் என்றால் புள்ளிக்குப் பின் மூன்று பிட், மாகாணி என்றால் நான்கு பிட், அதோடு சரி. இரண்டாவது வரிசையில் ஒன்றுகூட அடங்காது. மாவை இரண்டடிமானத்தில் எழுதினால் 0011 என்ற துண்டு முடிவே இல்லாமல் திரும்பத் திரும்ப வரும். இடம் தீர்ந்ததும் சிப் வெட்டிவிட வேண்டியதுதான். காணிக்கும் அதே கதி. ஆனால் ஒரு மாவையும் ஒரு காணியையும் கூட்டினால் மாகாணி, பதினாறில் ஒன்று! முடிவில்லாத இரண்டு வால்களும் ஒன்றையொன்று விழுங்கிக்கொண்டு நாலு பிட்டில் நின்றுவிடுகின்றன. இதைத் திண்ணையில் உட்கார்ந்து அவரிடம் சொல்லியிருந்தால், இரண்டடிமானத்தைப் பத்து நிமிஷத்தில் பிடித்துக்கொண்டிருப்பார்.

அணாக் கணக்கும் அப்படியே. பதினாறு அணா ஒரு ரூபாய். ஓரணா, இரண்டணா, எட்டணா எல்லாம் 8087-க்குத் துல்லியம். 1957-இல் ரூபாயை நூறாக உடைத்து நயா பைசா கொண்டுவந்தார்கள். பத்துப் பைசாவைக்கூட இரண்டடிமானத்தில் சரியாக எழுத முடியாது. இதை உத்தேசித்தோ என்னவோ, பதினெட்டுத் தசம இலக்கங்களை அப்படியே ஏற்றி இறக்கும் தனிக் கட்டளைகளையும் 8087-இல் வைத்திருந்தார்கள். நான் பார்த்தவரை யாரும் பயன்படுத்தியதில்லை.

இன்னொரு விசேஷம்: அதற்கு சைன் தெரியாது. காஸும் தெரியாது. தெரிந்த ஒரே நேர் முக்கோணவியல் கட்டளை டேன்ஜென்ட். அதுவும் 45 பாகைக்குள் கோணத்தைச் சுருக்கிக் கொடுத்தால்தான். விடையை ஒரே எண்ணாகவும் தராது. ஒரு விகிதத்தின் இரண்டு பாதிகளைக் கையில் கொடுத்துவிட்டு, மிச்சத்தை நீ பார்த்துக்கொள் என்றுவிடும். அதிலிருந்து சைனையும் காஸையும் கறந்துகொள்வது நிரல் எழுதுபவர் பொறுப்பு. நகர்த்தலும் கூட்டலும் மட்டுமே போதும் என்ற கார்டிக் முறையைத் தழுவியது அந்த டேன்ஜென்ட். ஜாக் வோல்டர் என்பவர் 1950-களில் குண்டுவீச்சு விமானத்தின் வழிகாட்டிக் கருவிக்காகக் கண்டது அது. சைனும் காஸும் தனிக் கட்டளைகளாக வந்தது 80387-இல்.

அதற்குப் பிந்திய வரலாறு எனக்கு அவ்வளவு உவப்பில்லை. 1989-இல் 486 வந்து கணக்குச் சிப்பைத் தனக்குள்ளேயே இழுத்துக்கொண்டது. 1991-இல் 486எஸ்எக்ஸ் என்று, உள்ளே இருப்பதை முடக்கி மலிவாக ஒன்று விற்றார்கள். அதற்கு 487 என்ற துணைச் சிப்பையும் விற்றார்கள். துணை என்று பெயர்தான். வாங்கிப் போட்டால் அது முழு 486, ஏற்கெனவே இருந்ததை அணைத்துவிட்டுத் தானே எல்லாவற்றையும் நடத்தும். இதைக் கேட்டபோது சார் வாய்விட்டுச் சிரித்தார். 1994-இல் பென்டியம் வகுத்தலில் தப்புப் போட்டது வெளிவந்தபோது அவர் சிரிக்கவில்லை. தாமஸ் நைஸ்லி என்ற கணிதப் பேராசிரியர் பகா எண்களோடு மல்லுக்கட்டும்போது கண்டுபிடித்த பிழை அது. உள்ளே இருந்த ஓர் அட்டவணையில் சில இடங்கள் நிரப்பப்படாமல் விடுபட்டிருந்தன. "அட்டவணையில பக்கத்து எண் தெரியணும்னு இதுக்குத்தான்யா சொன்னேன்" என்றார்.

தொட்டி நிரல் கடைசியில் ஓடியது. பழைய கோப்பில் மடிப்புத் தாளில் அச்சடித்த விடைகள் இருந்தன, ஓரத்தில் சாரின் பென்சில் குறிப்புகளோடு. புது விடைகள் கடைசி இலக்கம்வரை அவற்றோடு ஒத்துப்போயின. அதே ஃபோர்ட்ரான் நிரலை என் மடிக்கணினியில் மொழிபெயர்த்து ஓட்டினால் கடைசி ஓரிரு இலக்கங்கள் மாறுகின்றன. 8087 இடைக்கணக்குகளை எண்பது பிட்டில் வைத்துக்கொள்ளும். இன்றைய இயந்திரங்கள் பொதுவாக அறுபத்துநாலோடு நிறுத்திக்கொள்கின்றன. அந்த இலக்கங்களால் யாருக்கு என்ன பயன் என்பது வேறு விஷயம். பதினாறு இலக்கத் துல்லியத்தில் வளைதிருப்பம் வரும். அதை வைத்துக் கம்பியின் பரப்பைக் கண்டுபிடித்து, அது கடையில் கிடைக்காது என்பதால் அடுத்த பெரிய அளவுக்கு ஏற்றி, "பதினாறு எம்எம் நாலு போடு" என்று முடிப்போம். தாளின் ஓரத்தில் தூண்களுக்குக் காணி முறையில் போட்ட கைக்கணக்கு இருக்கிறது. எல்லாவற்றுக்கும் இல்லை, சிப் வந்த பிறகான பக்கங்களில் அடித்தளத் தூண்களுக்கு மட்டும்.

டர்போவில் மட்டும் இன்னும் தகராறு. எட்டு மெகாஹெர்ட்ஸில் சில நிமிஷம் ஓடி, சிப் சூடேறியதும் உறைந்துவிடுகிறது. பின்னொட்டு பொய்தான் என்பது உறுதியாகிவிட்டது. நிஜமான எட்டு மெகாஹெர்ட்ஸ் சிப்புக்கு ரிச்சி தெருப் பெரியவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அதுவரை 4.77 போதும். பேரன் வந்தால் முதலில் அமுக்குவது டர்போ பட்டனைத்தான் என்பதால் அதன்மேல் இன்சுலேஷன் டேப் ஒட்டியிருக்கிறேன்.